குமுதா வெளியே இருந்தபோது

பேட்டி நடக்கும்போது சேவை மையத்து ஆட்கள் வீட்டுக்குள் இருக்கக் கூடாது. இந்த விதியைச் சொன்னவளே மையத்தில் வேலை செய்யும் குமுதாதான். அரிசி கொண்டுவருகிறவள் எதிரே இருந்தால் யாரும் உண்மை பேச மாட்டார்கள் என்றாள். பல்கலைக்கழகத்திலிருந்து வந்த நளினி ஒப்புக்கொண்டாள். தேயிலைத் தோட்டத்து முதியவர்களின் தனிமை பற்றி இரு தரப்பும் சேர்ந்து செய்யும் ஆய்வு அது.

மகன் வெளியூர் போனபின் தனியாக இருக்கும் வேலம்மாவிடம் நளினி பேசியபோது குமுதா வெளியே படியில் உட்கார்ந்திருந்தாள். லயத்து வீட்டின் சுவர் வெறும் பலகை; உள்ளே பேசுவது அப்படியே கேட்டது. பக்கத்து வீடுகளில் இப்போது வங்காளதேசத்து ஆட்கள். வேலம்மாவோடு கொழுந்து பறித்தவர்கள் ஈப்போ, கிள்ளான் என்று பிள்ளைகளிடம் போய்விட்டார்கள்.

"மையத்துலேர்ந்து வர்றவங்க எப்படிம்மா?"

"குமுதாவா? நல்ல பொண்ணு. அரிசி, மைலோ, மாத்திரை எல்லாம் ஒழுங்கா வந்துரும். ஆனா இத்தன வருசத்துல ஒரு நாளும் கால் சப்பாத்தக் கழட்டுனதில்ல. வாசல்லயே நிக்கும். உள்ள வான்னா, லேட்டாச்சு பெரியம்மான்னு ஓடிரும். கேஸ் தோம்பு தூக்கிட்டு வர்றவன்கூட உக்காந்து ரெண்டு வார்த்த பேசிட்டுப் போவான்லா!"

இருவரும் சிரித்தார்கள். குமுதா எழுந்து காரில் போய் உட்கார்ந்தாள். தானா ராத்தாவில் அவளுடைய வாடகை அறைக்கும் யாரும் வருவதில்லை. அது ஆய்வில் வராது.

வரைவு அறிக்கையில் அந்தப் பேச்சு பெயரில்லாமல் இருந்தது.

"சங்கடமா இருந்தா எடுத்துரலாம் குமுதா," என்றாள் நளினி தொலைபேசியில்.

"இருக்கட்டும். மத்ததெல்லாம் எனக்கு முன்னாடியே தெரியும். இது ஒன்னுதான் தெரியாது."

அச்சுக்கு முன் பேசியவரிடம் வாசித்துக் காட்ட வேண்டும் என்பதும் விதி. வேலம்மாவிடம் தானே போவதாகக் குமுதா சொன்னாள். வேலம்மா அதைத் தன் முகத்துக்கு நேரே ஒரு தடவை சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். திட்டினாலும் பரவாயில்லை.

வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். வேலம்மா பதறி எழுந்தாள்.

"என்ன பாப்பா உள்ள வர்ற? எம்மவனுக்கு ஏதாச்சும் ஆயிருச்சா?"

"ஒன்னும் ஆகல பெரியம்மா. உக்காருங்க."

குமுதா வாசித்தாள். வேலம்மாவின் முகம் இறுகியது.

"இத நான் சொல்லல."

"சொன்னா தப்பில்ல பெரியம்மா. உண்மைதானே."

"நான் சொல்லலங்கறேன்ல! அந்த மேல் லயத்து ஆரோக்கியம்மா சொல்லிருப்பா, அவளுக்குத்தான் வாய் நீளம். எடுத்துரு பாப்பா. பெரிய ஆளுங்க படிச்சா, கிழவிக்குத் திமிருன்னு சாமான நிப்பாட்டிருவாங்க."

"நிப்பாட்ட மாட்டாங்க. நான் இருக்கேன்ல."

"எடுத்துரு."

பேசியவர் சொன்னால் எடுத்துவிட வேண்டும். குமுதா பேனாவால் அடித்தாள். வேலம்மா கண்ணாடியை மாட்டிக் குனிந்து, கோடு கடைசிவரை போயிருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு கதவை அகலத் திறந்துவிட்டாள்.

"மத்த வீட்டுக்கெல்லாம் போகணும்ல," என்றாள் மரியாதையாக. "கெளம்பு பாப்பா."