பொம்மையின் உயில்

அக்டோபர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கேஸ் சிலிண்டர் மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று போன என் புருஷன் ஹோல்கர் திரும்பி வரவில்லை. காலி சிலிண்டர் மட்டும் மூலைக்கடை வாசலில் நின்றது. "வச்சுட்டு, இதோ வந்துடறேன்னு போனாரு," என்றான் கடைக்காரன். பதினோரு வருஷக் குடித்தனம். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. முந்தின நாள் வாழைக்காய் வறுவலில் உப்புக் குறைச்சல் என்றான், அவ்வளவுதான். அந்த உப்பைப் பற்றி நான் ஒரு மாதம் யோசித்தேன் என்றால் நம்புவீர்களா? யோசித்தேன்.

அவன் போனதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. போனவன்தான் வெட்கப்பட வேண்டும். அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்லத்தான் வாய் வரமாட்டேன் என்கிறது.

புவெர்த்தோ பொலிவார் என்ற துறைமுக ஊரில் படகுத்துறைக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் தெரு. நான் பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். அவன் ஆட்டோ ஓட்டினான். அவன் போன பிறகு நான் தைத்த கால்சட்டைகளில் பாதிக்கு ஜிப் தலைகீழாக இருந்தது. அவனுடைய நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு தூங்கினேன். நாளுக்கு நாற்பது தரம் அவன் நம்பரை அழுத்தினேன், நாற்பது தரமும் அணைத்து வைத்திருக்கிறது என்றுதான் பதில் வந்தது. தினமும் காலை பத்து மணிக்கு என் மாமியார் ஔரிஸ்தெலா ஒரு தூக்கில் சோறும் மீனும் எடுத்துக்கொண்டு வருவாள்.

"தின்னுடி மரியூக்சி. என் வயித்துல பொறந்த நாய் ஓடிப்போச்சுன்னா நீ ஏன் பட்டினி கிடக்கணும்?"

"எனக்கு இறங்கல அத்தை."

"இறங்கலன்னா தள்ளு. நான் இங்கதான் உட்கார்ந்திருப்பேன்." தட்டு காலியாகும்வரை உட்கார்ந்திருப்பாள். பெற்ற மகனை விட்டுவிட்டு என் பக்கம் நின்றவள் அவள் ஒருத்திதான்.

மூன்று வாரம் கழித்து என் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. "என்னைத் தேடாதே மரியூக்சி நான் நன்றாக இருக்கிறேன்." ஓர் எழுத்துப் பிழை இல்லை.

அந்த மெசேஜைப் படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஏனென்றால் ஹோல்கருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

இதை அவன் வாய்விட்டுச் சொன்னது என்னிடம் மட்டும்தான். கல்யாணமான இரண்டாம் மாதம் எனக்குக் காய்ச்சல். மருந்து பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை ஸ்பூன் என்று கேட்டான். "அதுலயே எழுதியிருக்கும், பாரு," என்றேன். பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு தரையில் உட்கார்ந்து அழுதான். ஏழு வயதில் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு கடலோர அலையாத்திக் காட்டுச் சேற்றில் கருஞ்சிப்பி பொறுக்க அனுப்பிவிட்டார்களாம். "யார்கிட்டயும் சொல்லிடாத. அம்மாகிட்டகூட இதப்பத்திப் பேசாத," என்றான். வெளியே யாராவது தாளை நீட்டினால், "கண்ணாடியை வீட்ல மறந்துட்டேன், நீங்களே படிச்சுச் சொல்லுங்க," என்பான். லைசென்ஸ் எப்படி வாங்கினான் என்று என்னைக் கேட்காதீர்கள். கரண்ட் பில், ஆஸ்பத்திரிச் சீட்டு, ஓட்டுச்சீட்டில் எந்தப் பக்கம் கோடு போடுவது, எல்லாம் நான்தான். கற்றுத் தருகிறேன் என்று ஒருமுறை சொன்னேன். வேண்டாம், நீ படித்தால் போதும் என்றான். உண்மையைச் சொன்னால் எனக்கும் அது பிடித்திருந்தது. நான் இல்லாமல் அவனுக்கு ஒரு தாள்கூட நகராது என்று நினைத்துக்கொள்ள நன்றாக இருந்தது.

அப்படிப்பட்டவன் பிழையில்லாமல் மெசேஜ் அனுப்பினால் என்ன அர்த்தம்? எவளோ ஒருத்தி எழுதிக் கொடுத்திருக்கிறாள். அவளிடமும் தரையில் உட்கார்ந்து அழுதிருக்கிறான். அவன் அவளோடு படுத்திருப்பான் என்பதுகூட எனக்கு அவ்வளவு எரியவில்லை. அந்த அழுகை என்னுடையது என்று நினைத்திருந்தேன். அதை எடுத்துக்கொண்டுபோய் இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டானே என்று வயிறு எரிந்தது.

டிசம்பர் வந்தது. வருஷக் கடைசிக்கு எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பழைய வருஷத்தின் பொம்மை செய்வோம். கிழிந்த துணிக்குள் மரத்தூளைத் திணித்து, யார்மேல் கடுப்போ அவர் மூஞ்சியை ஒட்டி, வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைப்போம். முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் அந்தப் பொம்மை பேசுவதுபோல ஓர் உயில் வாசிக்க வேண்டும். கேட்கிறவர்கள் சிரித்துச் சிரித்து விழ வேண்டும். பிறகுதான் எரிப்பது. வழக்கமாக அமைச்சர்களும் பந்து விளையாடுகிறவர்களும்தான் எரிவார்கள். அந்த வருஷம் நான் ஹோல்கரைச் செய்தேன். அவனுடைய நீலச் சட்டை, அவனுடைய பெல்ட், காகிதக்கூழில் அவன் மூக்கு. நான் தையல்காரி. கை சும்மா இருக்குமா? அச்சு அசலாக வந்தது.

எதிர்வீட்டு சோய்லா அக்காதான் முதலில் பார்த்தாள். அவள் மீன்சூப்புக் கடை வைத்திருக்கிறாள், வாய்க்குப் பூட்டே கிடையாது. "அடிப்பாவி! எழுந்திரிச்சு சில்லறை இருக்கான்னு கேப்பான்போல இருக்கே!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். மூன்று மாதத்தில் முதல் தடவையாக எனக்கும் சிரிப்பு வந்தது.

முப்பத்தொன்றாம் தேதி ஆறு மணிக்குத் தெருவே என் வாசலில் கூடிவிட்டது. முதல் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் அத்தை. சோய்லா அக்கா போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்தாள். ஐஸ்வண்டிக்காரனின் ஒலிபெருக்கியை வாங்கி நான் ஆரம்பித்தேன்.

"என் குறட்டையைச் சோய்லா வீட்டு நாய்க்கு எழுதி வைக்கிறேன். திருடன் வந்தா குரைக்கவே வேணாம், இத விட்டாலே ஓடிப்போயிடுவான்."

கைதட்டல்.

"என் கால் நாத்தத்தை மீன் மார்க்கெட்டுக்கு எழுதி வைக்கிறேன். அங்க யாருக்கும் வித்தியாசம் தெரியாது. கோழியப் பார்த்தா நாற்காலிமேல ஏறி நிக்கிற என் வீரத்தை ராணுவத்துக்கு எழுதி வைக்கிறேன்."

எல்லாரையும்விட அத்தைதான் அதிகம் சிரித்தாள். "ஆமா, கோழின்னா அவனுக்கு உசுரே போயிடும்!" என்று பக்கத்தில் இருந்தவளின் தொடையில் தட்டினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். தாளில் கடைசியாக ஒன்று மீதி இருந்தது.

"கடைசியா, வீட்ல மறந்துட்டேன் மறந்துட்டேன்னு பதினோரு வருஷமாச் சொன்னேனே, அந்த மூக்குக்கண்ணாடி. அத யாரு கண்டுபிடிக்கிறாங்களோ அவங்களே எடுத்துக்கலாம். ஏன்னா அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது. தன் பேரைக்கூட எழுத்துக் கூட்டத் தெரியாதவனுக்குக் கண்ணாடி எதுக்கு?"

யாரும் சிரிக்கவில்லை. கையில் போனோடு சோய்லா அக்கா கேட்டாள், "ஏய், இது தமாஷா, நிஜமா?"

அந்தக் கேள்விக்கு நான் "தமாஷ்தான்" என்று சொல்லியிருக்கலாம். உயிலில் பாதி புளுகுதான் என்று எல்லாருக்கும் தெரியும். ஒரே ஒரு வார்த்தை. அது நாக்கு நுனிவரை வந்தது, சத்தியமாக வந்தது. அந்த நிமிஷம் அந்தப் பிழையில்லாத மெசேஜ் கண் முன்னால் வந்து நின்றது.

"சத்தியமா நிஜம்! போஸ்டரைப் பார்த்துத் தலைய ஆட்டுவானே, எல்லாம் நடிப்பு! நான்தான் எல்லாத்தையும் படிச்சுச் சொல்லணும், பச்சப்புள்ளைக்குச் சொல்ற மாதிரி!"

அப்போதுதான் தெரு வெடித்தது. ஒருவன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்தான். அத்தை எழுந்தாள். என்னைப் பார்க்கவில்லை, பொம்மையைப் பார்த்தாள், அதன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். பிறகு வீட்டுக்குப் போய்விட்டாள். பன்னிரண்டு மணிக்கு எல்லாரும் சேர்ந்து பொம்மையை எரித்தார்கள். நானும் நின்று பார்த்தேன்.

மறுநாள் காலை அத்தை வர மாட்டாள் என்று நினைத்தேன். பத்து மணிக்குத் தூக்கோடு வந்து நின்றாள். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் பரவாயில்லை. சோற்றைத் தட்டில் போட்டாள். அப்போதுதான் போன் ஒலித்தது. ஹோல்கர் பேசி அனுப்பியிருந்தான். எங்களுக்குள் எப்போதும் அப்படித்தான், அவன் பேசி அனுப்புவான், நானும் பேசி அனுப்புவேன். அத்தை பக்கத்தில் இருப்பதை மறந்து அப்படியே அழுத்திவிட்டேன்.

"மரியூக்சி. நான் சாந்தோ தொமிங்கோல இருக்கேன். வண்டி ஓட்டுறேன். வீடியோ இங்க வரைக்கும் வந்துடுச்சு. காலைலேர்ந்து ஸ்டாண்டுல பசங்க பேப்பரை நீட்டி, படிச்சுக் காட்டுடாங்கிறானுங்க." பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. "உன்ன விட்டுட்டு நான் வந்தது தப்பு. ஏன் வந்தேன்னு எனக்கே சொல்லத் தெரியல. அத நீ ஊரக் கூட்டிச் சொல்லு, காறித் துப்பு, நான் வாங்கிக்கறேன். ஆனா இத நான் உன்கிட்ட மட்டும்தானே சொன்னேன்? வேற யாருக்கும் தெரியாது மரியூக்சி. இங்க நான் தனியாத்தான் இருக்கேன். அந்த மெசேஜ்கூட... குரல்ல சொன்னா அழுதுடுவேன்னு போன்ல மைக் படத்தை அமுக்கிச் சொன்னேன், அதுவே எழுதிக்கிச்சு. சரியா எழுதுச்சா இல்லையான்னுகூட எனக்குத் தெரியாது. அனுப்பிட்டேன்."

அவ்வளவுதான்.

எவளும் இல்லை. அவன் யாரிடமும் அழவில்லை. என்னை விட்டுப் போன பிறகும் அதை என்னிடமே விட்டு வைத்திருந்தான். நான் ஐஸ்வண்டி ஒலிபெருக்கியை வாங்கி வாசித்தேன். சுவரில் முட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

"அத்தை," என்றேன். "நீங்களாவது என்ன அறைஞ்சிடுங்க."

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "உன்ன அறைஞ்சா என்னை யாரு அறையறது? ரெண்டாவது படிக்கும்போது நிறுத்தினது நான்தான். அவனுக்குச் சின்னக் கை, சிப்பிப் பொந்துக்குள்ள நல்லாப் போகும்னு கூட்டிட்டுப் போனேன். அன்னிக்குப் பூரா பையைத் தோள்லேர்ந்து கழட்டல. சேத்துக்குள்ளயும் பையோடயே நின்னான். அப்புறம் பெரியவன் ஆகி ஒரு நாள்கூட ஏம்மான்னு கேக்கல. கேக்காததால மறந்துட்டான்னு நினைச்சேன்." என்னைப் பார்த்தாள். "உன்கிட்ட அழுதானா?"

"அழுதான் அத்தை."

"நல்ல வேளை. ஒருத்திகிட்டயாவது அழுதானே," என்றாள். அதற்கு மேல் அந்த வீட்டுக்குள் என்னால் உட்கார முடியவில்லை.

ஜனவரி முதல் தேதி காலையில் தெருவே சோய்லா அக்கா கடையில்தான் இருக்கும். ராத்திரி குடித்த தலைவலிக்குச் சூடான மீன்சூப்பு, வெங்காயம், எலுமிச்சை. என்னைப் பார்த்ததும், "வா வா, நேத்து நல்லாக் கிழிச்ச அவன!" என்று எனக்கு இடம் விட்டார்கள். ஒருவன் சூப்புக் கிண்ணத்தைப் புத்தகம்போலத் தலைகீழாகப் பிடித்து ஹோல்கர் மாதிரி நடித்துக் காட்டினான். நான் உட்காரவில்லை.

"சோய்லா அக்கா, போன எடுங்க. நேத்து எடுத்த மாதிரி எடுங்க. நேத்து யாருக்கெல்லாம் அனுப்பினீங்களோ அவங்களுக்கெல்லாம் இதையும் அனுப்பணும்."

"என்னடி, ரெண்டாவது உயிலா?" என்று கரண்டியை வைத்துவிட்டுப் போனைத் தூக்கினாள்.

"நேத்து கடைசியாச் சொன்னது பொய்," என்றேன். "ஹோல்கருக்கு நல்லாப் படிக்க வரும். எழுதவும் வரும். என்ன விட்டுட்டுப் போனானேன்னு வயித்தெரிச்சல்ல நான்தான் இட்டுக்கட்டினேன். நீங்க கேட்டப்பவும் பொய்ச் சத்தியம் பண்ணினேன்."

ஸ்பூன் சத்தம் நின்றது. ஒருவரும் நம்பியதாகத் தெரியவில்லை. பின்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது. நான் வந்ததைப் பார்த்துத் தொடர்ந்து வந்திருக்கிறாள்.

"ஆறாவது வரைக்கும் படிச்சான் எம்மவன். நான்தானே கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயி விட்டேன்? அவன் எழுத்து முத்து முத்தா இருக்கும்." கண் கலங்காமல் சொன்னாள். இந்தத் தெருவில் அவள் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை.

அதன்பிறகு நம்பினார்கள். நம்பியது முகத்தில் தெரிந்தது. எனக்காக இடம் விட்டவர்கள் மறுபடி நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்கள். சூப்புக் கிண்ணத்தைத் தலைகீழாகப் பிடித்தவன் அதை மெதுவாக நேராக வைத்தான். "ச்சீ, என்ன பொம்பள," என்று யாரோ சொன்னார்கள். மூன்று மாதமாகப் பாவம் மரியூக்சி, பாவம் மரியூக்சி என்று சொன்ன தெரு அது.

சோய்லா அக்கா போனை இறக்காமலே என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கட்டின புருஷனப் பத்தி இப்படி ஒரு பொய்யா? உன்கிட்ட அவன் பதினோரு வருஷம் இருந்ததே பெரிசுடி. போகாம என்ன செய்வான்?"

"ஆமாக்கா," என்றேன். "இதையும் வெட்டாம அப்படியே அனுப்புங்க."