மடத்து மணிக்கு ஒரு சாட்சி

என் மகள் துறவியாகிச் சேர்ந்த கன்னியர் மடத்திலிருந்து யாரும் வெளியே வரக்கூடாது. உள்ளே இருந்து ஜெபிப்பது ஒன்றே அவர்கள் வேலை. அவளைப் பெற்றவள் செத்த செய்தியைக் கதவிலிருந்த சின்னத் துவாரம் வழியாகச் சொன்னேன். உள்ளே விம்மல் கேட்டது, கதவு திறக்கவில்லை. ஊரார் பூட்டையெல்லாம் திறந்துகொடுத்துப் பிழைக்கிறவன் நான், வெறுங்கையோடு திரும்பினேன்.

பிறகு வழக்கு வந்தது. வெறும் ஜெபத்தைத் தர்ம காரியம் என்று சட்டம் ஏற்கலாமா, மடத்துக்கு வரிவிலக்கு எதற்கு என்று அரசு கேட்டது. அரசு வக்கீல் என்னைச் சாட்சிக்கு அழைத்தார். கடையைச் சாத்திவிட்டு ஓடினேன். மடத்துக்காரர்களை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றிருந்தது.

"உங்க மக ஜெபிச்சதால யாருக்காவது நன்மை உண்டாய்யா?" என்றார் வக்கீல்.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். படுக்கையில் புரண்ட என் மனைவி கண்முன் வந்தாள். மாத்திரைக்குக் கேட்காத வலி, சாயங்காலம் மடத்து மணி அடித்ததும் அவளுக்கு அடங்கும். "பாப்பா நமக்காக முட்டி போட்டுட்டா. நீங்க போய்ச் சாப்பிடுங்க" என்பாள். அப்புறம்தான் கண்ணயர்வாள்.

"ஒருத்திக்கு இருந்துச்சு" என்றேன்.

வக்கீலின் முகம் சுண்டிப்போனது. "ஒரு ஆளுக்குக் கிடைச்சா அது பொது நன்மை ஆகாதே! சரி, அவங்க வந்து சாட்சி சொல்வாங்களா?"

"அவ வர்றதா இருந்தா நான் ஏன்யா இங்க வந்து நிக்கிறேன்?"