கம்ப்யூட்டரில் பத்திரமாக

செல்போன் நிறைந்துவிட்டதே என்று, மகனின் காதுகுத்துப் படங்களை மட்டும் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லிக் கொழுந்தன் புகழ்வேந்தனிடம் கொடுத்தாள் சரண்யா. திரும்பி வந்த போனில் ஒரு படம்கூட இல்லை. அவன் ஆற்றோரக் கரும்புக் கொல்லையின் வரப்பை வெட்டி இவர்கள் பக்கம் தள்ளிப் போட்டதை அவள் எடுத்து வைத்திருந்த படங்களும் அதில்தான் இருந்தன; கொடுக்கும்போது அது நினைவுக்கு வரவில்லை. நாளைக்கு அந்த வரப்புக்காக ஊர்ப் பஞ்சாயத்து.

நேராக அவன் வீட்டுக்குப் போனாள்.

“எல்லாம் கம்ப்யூட்டர்ல பத்திரமா கீது அண்ணி,” என்றான்.

“அப்போ போட்டுக் காட்டு.”

“கரண்ட் இல்லியே.”

அவன் தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. சரண்யாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவன், தன்னைப் போய் மடச்சி என்று நினைத்துவிட்டானே. மேசைக்கடியில் குனிந்து ஒயர்களையெல்லாம் பிடுங்கினாள். கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

“இன்னா அண்ணி பண்ற? அது என்னுது.”

“வரப்பு எங்களுதுடா,” என்றாள் சரண்யா, திரும்பிப் பார்க்காமல். “நாளைக்குப் பஞ்சாயத்துல அத்தக் குடுத்துட்டு இத்த வாங்கிக்கினு போ.”