நரம்பின் மறுமுனை

கேளுங்கள் கண்ணுகளா, கடலும் வானமும் ஒன்றாகிப்போன ஒரு காலையில் நடந்தது இது. கரை கண்ணுக்கு எட்டாத ஆழ்கடல். இரண்டு பேர் எஞ்சினை நிறுத்திவிட்டு, படகைத் தண்ணீர் போன போக்கில் விட்டிருந்தார்கள். மூடுபனி எப்படி என்றால், மூத்தவனுக்குத் தன் கையே வேறு யாருடைய கையோ போலத் தெரிந்தது. பாலுக்குள் தொட்டில் கட்டி ஆட்டுகிறாற்போல் படகு அசைந்தது.

மூத்தவன் என்றால் அண்ணன் தம்பி இருவரில் மூத்தவன். அப்பாவின் படகை யார் ஓட்டுவது என்று ஆரம்பித்து, வார்த்தை தடித்து, ஒருவர் வாசலை ஒருவர் மிதிப்பதில்லை என்றாகி வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போது மூத்தவன் மகளுக்குக் கல்யாணம். "சித்தப்பாவ நீங்களே கூப்பிடணும்ப்பா. அவர் வராத கல்யாணம் எனக்கு வேண்டாம்" என்று அவள் கறாராகச் சொல்லிவிட்டாள். கூப்பிட வாய் வராமல்தான் மனிதன் கடலுக்கு ஓடி வந்திருந்தான்.

கையிலிருந்த தூண்டில் நரம்பு விறைத்தது.

"பெருசு மாட்டிருக்கு மாமா!" என்று துள்ளினான் கூட வந்திருந்த மைத்துனன்.

மூத்தவன் இழுத்தான். அடியிலிருந்து அதுவும் இழுத்தது. விட்டுக்கொடுத்தான், அதுவும் விட்டுக்கொடுத்தது. பிறகு நரம்பு லேசாக, டிக்கென்று, அதிர்ந்தது. அதன்பின்தான் இழுப்பு வந்தது. மறுபடியும் ஒரு டிக், மறுபடியும் இழுப்பு.

மூத்தவன் இழுப்பதை நிறுத்தினான். எந்த மீன் விரலால் சுண்டிவிட்டு இழுக்கும்? சின்ன வயதிலிருந்தே இளையவனுக்கு அந்தப் பழக்கம். சுண்டிப் பார்க்காமல் இழுக்கவே மாட்டான்.

"வேற படகு நரம்போட சிக்கிடுச்சு போல. வெட்டிவிடுங்க மாமா" என்று மைத்துனன் கத்தியை நீட்டினான். சிக்கினால் வெட்டுவதுதான் கடலில் வழக்கம்.

"கத்திய உள்ள வைடா."

மூத்தவன் ஒரு விரலால் சுண்டினான். கீழே எத்தனை ஆள் ஆழத்துக்கு இருட்டோ, எத்தனை மீன்கள் தூங்குகின்றனவோ, அத்தனையையும் தாண்டிப் போயிற்று அந்த அதிர்வு. வெகுநேரம் ஒன்றுமில்லை. மறுபடி சுண்ட விரலை வளைத்த நேரத்தில், டிக்.

அதற்கப்புறம் இரண்டு பக்கமும் இழுத்தார்கள். எஞ்சின் சத்தமே இல்லாமல், கனவில் நகர்வதுபோலப் படகுகள் நெருங்கின. பனிக்குள்ளிருந்து முதலில் ஒரு படகின் மூக்கு வந்தது. பின்னால் இளையவன். இடையில் மீன் இல்லை. கோத்துக்கொண்ட இரண்டு வெறும் கொக்கிகள்தான்.

"வெட்டிவிட வேண்டியதுதானே?" என்றான் இளையவன்.

"நீ ஏண்டா வெட்டல?"

இளையவன் குனிந்து கொக்கிகளைப் பார்த்தான். தண்ணீர் சளப் சளப்பென்றது.

"பொண்ணுக்குக் கல்யாணம்" என்றான் மூத்தவன்.

"ஊருக்கே தெரியுது. எனக்குச் சொல்லத்தான் ஆளில்ல."

"அதச் சொல்லத்தாண்டா இவ்வளவு தூரம் வந்தேன்."

மைத்துனனுக்குப் புரை ஏறிவிட்டது.

இளையவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொக்கிகளைப் பிரித்தான். பிரித்து முடித்தும் அண்ணன் பக்கத்து நரம்பை விடவில்லை. "நடுக்கடல்ல கூப்பிட்டா அது கூப்பிட்டதாகுமா? அண்ணியும் நீயும் வீட்டுக்கு வந்து, உக்காந்து, முறையாக் கூப்பிடணும்."

"வந்தா வீட்ல இருப்பியா?"

"நீ எஞ்சினப் போடு. உனக்கு முன்னாடி போய் இருக்கேன்."

மூத்தவன் நரம்பை மளமளவென்று சுருட்டத் தொடங்கினான்.

"மாமா, மீனு?" என்று அலறினான் மைத்துனன்.

"அது எங்கடா ஓடிடப்போகுது? சிக்னல் கெடச்சதும் உங்க அக்காவுக்குப் போனப் போடு. நல்ல சேலையாக் கட்டிக்கிட்டு இருக்கச் சொல்லு."