தெல்மி யார் பங்கு

"அவன் வேணாம்டி. அவன்தான் செத்துட்டானே."

"செத்தா இன்னா? செத்தவனப் புடிக்கக் கூடாதுன்னு சட்டமா கீது?"

"புடிக்கலாம். ஆனா ஹாஸ்டல்ல போய், எனக்கு ரெண்டாவது எபிசோடுலயே செத்துப்போன டாக்டரத்தான் புடிக்கும்னு சொன்னா வுழுந்து வுழுந்து சிரிப்பாளுங்க."

தார்ப்பாயில் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டே இதைச் சொல்லிவிட்டு ரம்யாவே சிரித்தாள். சசிகலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஹாஸ்டல் என்ற சொல் காதில் விழுந்தாலே அவளுக்கு முகம் சுருங்கிவிடும்.

இருவரும் அண்ணன் தம்பி பிள்ளைகள். ஒரே வருஷத்தில் பிறந்தவர்கள். ரம்யா போன வருஷம் நர்சிங் படிக்கத் திருப்பத்தூர் போய்விட்டாள். புளி உலுக்க வந்தவள் நாளைக் காலை பஸ்சுக்குத் திரும்புகிறாள். விண்வெளிக் கப்பல் ஒன்று கிரகம் கிரகமாக அலைகிற அந்தக் கார்ட்டூன் தொடர் அவள் போனில்தான் இருக்கிறது. மலைமேல் இருக்கும் ஊரில் சிக்னல் ஏறாது. கீழிருந்து டவுன்லோடு செய்து கொண்டுவருவாள். ஆளுக்கொரு காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு பார்ப்பார்கள். ஒருத்தியை விட்டு ஒருத்தி பார்ப்பதில்லை என்று பேச்சு. இப்போது ஹாஸ்டலில் ஒரு கூட்டமே அதைப் பார்க்கிறதாம். அந்தப் பேச்சு இன்னும் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்பதுதான் சசிகலாவின் கவலை.

"அவளுங்க ஆளுக்கு ஒருத்தரப் புடிச்சி வச்சிக்கினு கீறாளுங்க. உன் பேவரிட் யாருன்னு கேட்டா நான் முழிக்கிறேன். இன்னைக்கே முடிவு பண்ணு. ஒருத்தி எடுத்தத இன்னொருத்தி எடுக்கக் கூடாது."

"அப்ப கூறு போட்ரலாம்," என்றாள் சசிகலா.

பங்காளிகளுக்குப் பொதுவான மரத்தில் புளி விழுந்தால் அப்படித்தான் செய்வார்கள். ஒரு வீடு இரண்டு குவியலாகப் பிரிக்கும். மற்ற வீடு முதலில் எடுக்கும். எடுத்த பிறகு மறுபேச்சு கிடையாது. காலையில்கூட சசிகலாவின் அம்மா சாந்தம்மாள் பிரித்தாள். ரம்யாவின் அம்மா ஜெயம்மாள் எடுத்தாள்.

சசிகலா புளியங்கொட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லிச் சொல்லித் தார்ப்பாயில் வைத்தாள். இந்தப் பக்கம் கேப்டன், கப்பல் ஓட்டும் சேவ்ரா, மேடைப் பேச்சு மாதிரி செந்தமிழில் மிரட்டும் எதிரி ராஜா. அந்தப் பக்கம் செத்த டாக்டர், கோயம்புத்தூர்த் தமிழ் பேசும் ரோபோ, எதற்கெடுத்தாலும் அழும் சமையல்காரன். அவர்களோடு, போகிறபோக்கில் சொல்வதுபோல, "அப்புறம் தெல்மி."

தெல்மி கப்பலில் இல்லாதவள். ஆளில்லாத நிலவு ஒன்றில் தனியாக இருந்து, வழி தவறி வரும் கப்பல்களுக்கு ரேடியோவில் திசை சொல்பவள். சசிகலாவுக்கு வேறு யாருமே வேண்டாம், அவள் ஒருத்தி போதும். அதனால்தான் அவளைச் சொத்தைகளோடு சேர்த்து வைத்தாள். கேப்டனை விட்டுவிட்டு யார் அந்தப் பக்கம் போவார்கள்?

ரம்யா இரண்டு குவியலையும் பார்த்தாள். பிறகு சசிகலாவின் முகத்தைப் பார்த்தாள். தெல்மி இருந்த குவியலின்மேல் கையை வைத்தாள்.

"இது எனக்கு."

"ஏய், அதுல ஒண்ணுமில்லடி! அழுமூஞ்சிதான் கீறான்."

"எங்கம்மா புளி எடுக்கறத நீ பாத்ததே இல்லியா? மேல பாக்க மாட்டாங்க. அடியில கைய வுடுவாங்க. பிரிச்சவங்க கண்ணு எந்தக் குவியலப் பாக்காம இருக்குதுன்னு பாப்பாங்க. நீ இந்தப் பக்கம் திரும்பவே இல்லியே."

சசிகலாவின் காது சூடாகிவிட்டது. எடுத்தாயிற்று, இனி மறுபேச்சு கிடையாது.

"அவ மேல இன்னாடி அவ்ளோ ஆச?" என்றாள் ரம்யா.

"மத்தவங்கல்லாம் போய்க்கினே கீறாங்க. அவ ஒருத்திதான் ஒரே எடத்துல இருந்து எல்லாரையும் பாக்கறா."

ரம்யா ஒரு புளி ஓட்டை நொறுக்கினாள். "ஹாஸ்டல்லயும் பாதிப் பேருக்கு அவதான். கடைசி எபிசோடு வந்தன்னிக்கி அழுத அழுகையப் பாக்கணுமே…"

நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சொல் வெளியே வந்துவிட்டது.

"கடைசி எபிசோடு வந்துட்ச்சா?" சசிகலாவின் குரல் இறங்கியது. "நீ பாத்துட்டியா?"

"சத்தியமா இல்ல. அவளுங்க பாத்தாளுங்க. நான் காதப் பொத்திக்கினு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கினேன். வாடி வாடின்னு கால இழுக்கறாளுங்க, நான் போவல."

"டவுன்லோடு பண்ணி எடுத்தாந்திருக்கலாமில்ல?"

"போன்ல எடமில்லடி. பாடத்து வீடியோவே ரொம்பிப் போச்சி."

அது பொய்யில்லை என்று சசிகலாவுக்குத் தெரியும். ரம்யா அடுத்த முறை வர எப்படியும் சில மாதம் ஆகும். அத்தனை நாளும் ஒரே அறையில், கதையின் முடிவு தெரிந்தவர்களுக்கு நடுவில், ஒருத்தி எத்தனை தரம் சுவரைப் பார்த்துப் படுப்பாள்?

சசிகலா எழுந்து மடியிலிருந்த ஓட்டுத் தூளைத் தட்டினாள். மறுபடி உட்கார்ந்தாள்.

"தெல்மிய நீயே வச்சிக்க. நான் கேக்கல. கடைசி எபிசோட மட்டும் நான் இல்லாம பாக்காத, ரம்யா."