முதல் வரிசையின் இடது ஓரம்

கார்ட்வெல் அணியை நாலுக்கு மூன்று என்று தோற்கடித்த மறுநாள், சனிக்கிழமை காலை, விட்லோ ஊர்க் காப்பிக்கடையின் ஜன்னலோர மேசையில் மூன்று பேரும் வழக்கம்போல உட்கார்ந்திருந்தார்கள். ஊர் அணி ஜெயித்த மறுநாள்தான் அந்த மேசையில் சண்டை அதிகம். தோற்றால் எல்லோருக்கும் ஒரே கருத்து. நடுவரைத் திட்டிவிட்டு எழுந்துவிடுவார்கள்.

மெர்வின் ஓய்வுபெற்ற தபால்காரர். முப்பது வருஷமாக ஒரு ஆட்டத்தையும் விட்டதில்லை என்பது அவருடைய பெருமை. ஓரெஸ்ட் கோதுமை விவசாயி, அதிகம் பேசமாட்டார். ஊர் ஐஸ் ஹாக்கி அணியின் பயிற்சியாளர் பாட் அவருடைய மருமகன். மூன்றாவது ஆள் ஆர்லீன். ஊரின் ஒரே கண் டாக்டரிடம் பத்தொன்பது வருஷமாக வரவேற்பு மேசையில் வேலை.

மெர்வின் சர்க்கரைப் பொட்டலங்களை மூன்று மூன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். ஆட்டத்தில் மாறி மாறி ஐஸில் இறங்கும் வரிசைகள் அவை. முதல் வரிசையின் இடது ஓரத்திலிருந்த பொட்டலத்தை ஒற்றை விரலால் மூன்றாம் வரிசைக்குத் தள்ளினார்.

"டேரன அங்க போடணும். ஒரு மாசமா சொல்றேன்."

"நேத்து ரெண்டாவது கோலுக்குப் பாஸ் குடுத்ததே அவன்தானே?" என்றாள் ஆர்லீன்.

"ஒண்ணு குடுத்தான். அவனுக்கு வந்ததுல எத்தன விட்டான்? அஞ்சு. எண்ணினேன். பக் வட்டு அவன் இடது காலத் தாண்டிப் போகுது, மரம் மாதிரி நிக்கறான்."

"வயசு முப்பத்தஞ்சு ஆகுதுல்ல," என்றார் ஓரெஸ்ட்.

"முப்பத்தஞ்சுல நான் பையத் தூக்கிக்கிட்டு ஊரச் சுத்தினேன். இவன் முதுகு வலின்னு லாரிகூட ஓட்டறதில்லையாம், ஆனா ஹாக்கிக்கு மட்டும் முதுகு நிமிருதாம். சோம்பேறிப்பய. குடிக்கறானோ என்னவோ."

ஆர்லீனுக்குச் சுருக்கென்றது. "அவன் குடிச்சு நீ பாத்தியா?"

"பாக்கணுமா? ஆடற லட்சணமே சொல்லுதே. நீ ஏன் இவ்வளவு வக்காலத்து வாங்கற? உனக்கு ஹாக்கி தெரியாது ஆர்லீன், முகம் தெரிஞ்சவனுக்கெல்லாம் கைதட்டுவ. அவ்வளவுதான்."

அவர் சிரித்தார். ஓரெஸ்ட்டும் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அவளைக் கிளப்பிவிட்டது.

"எனக்குத் தெரியாதா? அவனுக்கு இடது கண்ணுல ஓரப் பார்வையே போயிடுச்சு, மெர்வின். பக் வர்றதே அவனுக்குத் தெரியல. ஒத்தக் கண்ண வச்சுக்கிட்டு அவன் ஆடறதுல பாதிகூட உன் மூணாம் வரிசைக்காரங்க ஆடமாட்டாங்க."

மெர்வின் வாய் திறந்தபடியே இருந்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், ஆர்லீனுக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. அடுத்த கணம் தான் சொன்னது என்னவென்று உறைத்தது.

"இத யார்கிட்டயும் சொல்லக்கூடாது," என்றாள். "தயவுசெஞ்சு. நான் சொல்லியிருக்கவே கூடாது."

"சே, நாங்க எதுக்குச் சொல்றோம்," என்றார் மெர்வின். ஓரெஸ்ட் தலையாட்டினார். ஆனால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால்தான் டேரன் கண் காட்ட வந்திருந்தான். லாரியும் ஓட்டக்கூடாது, ஹாக்கியும் ஆடக்கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். சாஸ்கட்டூன் நகரத்தில் பெரிய டாக்டரைப் பார்க்க நாள் குறித்துக் கொடுத்தது ஆர்லீன்தான். அப்போது அவன் மேசைமேல் குனிந்து, "லாரிய விட்டுடறேன். இந்தத் தொடர் மட்டும் முடியட்டும், ஆர்லீன். வீட்டுல ஜோலின்கிட்டகூட இன்னும் சொல்லல. அவளுக்கு இது ஆறாவது மாசம்," என்றான். அவள் சரி என்று தலையாட்டினாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆட்டத்திலும், இடது பக்கமிருந்து யாராவது அவன்மேல் பாய்ந்தபோதெல்லாம், அரங்கத்தில் விரல் நகத்தைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பயந்தபோது வாயைத் திறக்கவில்லை. ரோஷம் வந்ததும் திறந்துவிட்டாள்.

அன்று முழுக்க அவளால் ஒரு வேலையும் செய்ய முடியவில்லை. துவைத்த துணியையே மறுபடி இயந்திரத்தில் போட்டாள். டேரனுக்குப் போன் செய்ய நான்கு தடவை எடுத்து நான்கு தடவையும் வைத்துவிட்டாள். ஒருவேளை அவர்கள் சொல்லாமலே இருந்தால்? சொன்னால்தானே தெரியும்? இந்த நினைப்பு வந்தபோது தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பனியில் வண்டியை ஓட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே இருந்த டேரன் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தது ஜோலின். கண் வீங்கியிருந்தது. வயிற்றின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு வாசலை மறித்தபடி நின்றாள்.

"என் புருஷன் கண்ணு எப்படியிருக்குன்னு கேக்க வந்தீங்களா? காலையில பால் வாங்கப் போனேன். கடையில கல்லாவுல இருந்த பொண்ணு கேட்டா. எனக்கு ஒண்ணும் புரியல. எந்தக் கண்ணுன்னு நான் அவகிட்டக் கேக்கறேன்."

ஆர்லீன் வாசற்படியிலிருந்து ஓரடி பின்வாங்கினாள்.

"ஊரே சொல்லி எனக்குத் தெரியுது. அவன் சொல்லாதது ஒரு தப்பு. அத நாங்க பாத்துக்குவோம். நீங்க எதுக்குச் சொன்னீங்க?"

உள்ளேயிருந்து டேரனின் குரல் கேட்டது. "அவங்கள உள்ள விடு, ஜோலின். கதவத் தெறந்து வச்சா வீடு பூரா குளிரு."

அவன் வீட்டோடு ஒட்டியிருந்த வண்டிக் கொட்டகையில் ஹாக்கிப் பையைத் திறந்து, ஈரக் கையுறைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தான். முகத்தைத் திருப்பி அவளைப் பார்க்க, முழுத் தலையையும் திருப்ப வேண்டியிருந்தது.

"பாட் கூப்பிட்டான்," என்றான். "இனி ஐஸ்ல எறங்கக்கூடாதுன்னுட்டான். நியாயம்தான். அவன் எடத்துல நான் இருந்தாலும் அதத்தான் செய்வேன்."

"டேரன், நான்..."

"ஒண்ணு மட்டும் கேக்கறேன். எனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயந்து சொன்னீங்களா?"

அவளுக்கு ஒரு வழி திறந்தது. ஆமாம் என்று சொன்னால் போதும். அவனே அதை நீட்டிக்கொண்டு நின்றான். வாங்கிக்கொண்டால் அவனுக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்போலத் தோன்றியது.

"இல்ல," என்றாள். "மெர்வின் உன்னச் சோம்பேறின்னான். எனக்கு ஹாக்கி தெரியாதுன்னான். அவன் வாய அடைக்கணும்னு சொல்லிட்டேன்."

டேரன் கையுறையைப் பிழிந்தான். தண்ணீர் தரையில் சொட்டியது.

"அடைஞ்சுதா?"

"ஒரு நிமிஷம்."

அவன் மூக்கால் ஒரு சிரிப்புச் சிரித்தான். பிறகு அதுவும் நின்றது. "சரி. நீங்க கெளம்புங்க, ஆர்லீன். ஜோலின் இருக்கற கோவத்துல இப்ப யாரும் இங்க இருக்க வேண்டாம்."

திங்கட்கிழமை காலை, முதல் நோயாளி வருவதற்கு முன்பே அவள் டாக்டரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். அவர் சத்தம் போட்டுத் திட்டியிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். "இனிமே இந்த மேசையில உங்கள வைக்க முடியாது. அது உங்களுக்கே தெரியும்," என்றார். தெரியும் என்றாள். மேசை டிராயரிலிருந்து கம்பளி மேலாடையையும் ஒரு ஜோடி செருப்பையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது மணி ஒன்பதுகூட ஆகவில்லை.

வியாழக்கிழமை ஆட்டத்துக்கு அவள் போனாள். போகாமல் இருந்தால் ஒளிந்துகொண்ட மாதிரி இருக்கும் என்று நினைத்தாள். டேரனும் ஜோலினும் எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். படியேறும்போது ஜோலின் அவனுடைய இடது முழங்கையைப் பிடித்திருந்தாள். அவன் இடத்தில் இருபது வயது ஸ்காட்டி இறங்கினான். ஐந்துக்கு ஒன்று என்று ஜெயித்தார்கள். ஒவ்வொரு கோலுக்கும் டேரன் எழுந்து நின்று கைதட்டினான். ஆர்லீன் எந்தக் கோலையும் சரியாகப் பார்க்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து சாஸ்கட்டூன் செய்தி ஊருக்கு வந்தது. அறுவை சிகிச்சை நடந்துவிட்டது; மிச்சமிருக்கும் பார்வை நிலைக்கும்; ஆனால் தலையில் பலமான அடி ஒன்று பட்டிருந்தால் அந்தக் கண்ணே போயிருக்கும். மெர்வின்தான் அவளுக்குப் போன் செய்து, சனிக்கிழமை கண்டிப்பாகக் காப்பிக்கு வரவேண்டும் என்றார். அந்த மேசைக்கு அவள் போய் மூன்று வாரமாகியிருந்தது.

அவள் வந்ததும் மெர்வின் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அப்படி அவர் ஒருநாளும் செய்ததில்லை.

"ஊரே உன்னப் பத்தித்தான் பேசுது. அவன் கண்ணக் காப்பாத்தினதே நீதான். நீ மட்டும் அன்னைக்கு வாயத் தெறக்கலைன்னா..."

"போதும், மெர்வின்."

"போதுமாவது. வேல போச்சு, சரி. ஆனா செஞ்சது நல்ல காரியம். ஓரெஸ்ட், நீ சொல்லு."

ஓரெஸ்ட் காப்பிக் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "வீட்டுக்குப் போனதும் பாட்கிட்ட நான்தான் சொன்னேன்," என்றார் மெதுவாக. "என் பொண்ணும் பக்கத்துல இருந்தா. கடைக்கெல்லாம் அப்படித்தான் போயிருக்கும். எனக்கும் ராத்திரி தூக்கம் சரியா வர்றதில்ல."

"நான் அதுக்காகச் சொல்லல, மெர்வின்," என்றாள் ஆர்லீன். "அவன் கண்ணுக்காகச் சொல்லல. உன்ன ஜெயிக்கறதுக்காகச் சொன்னேன்."

மெர்வின் அவளைப் புரியாமல் பார்த்தார். "எதுக்காகச் சொன்னா என்ன, பலன் ஒண்ணுதானே?" என்றார். பிறகு சர்க்கரைக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து, இந்த ஸ்காட்டிப் பயலை நடுவில் போட்டால் என்ன என்று ஓரெஸ்ட்டிடம் கேட்க ஆரம்பித்தார்.

ஆர்லீன் தன் காப்பியை முழுதும் குடித்து முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு, இருவரிடமும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே குளிருக்குள் இறங்கினாள்.