ஏழாம் கிட்டங்கிக் கதவு

"அம்மா, நெருப்புக்குப் படிக்கத் தெரியுமா?"

இப்படிக் கேட்டபோது பெலிஸ்டாவுக்கு ஆறு வயது. மதியச் சாப்பாட்டுத் தூக்கைக் கொடுக்க வந்தவள், ராணுவ வெடிமருந்துக் கிட்டங்கி ஒன்றின் இரும்புக் கதவில் அம்மா ஆரஞ்சு நிறத்தில் எட்டு மூலைக் குறி எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். அம்மா தெக்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நெருப்புக்குத் தெரியாது. அணைக்க வர்றவங்களுக்குத் தெரியும். அவங்களுக்காகத்தான் இது."

"எட்டு மூலை இருந்தா என்ன?"

"ஒண்ணாம் வகை. கிட்டப் போகாதே, சுத்தி இருக்கிற ஆளுங்கள எல்லாம் கூட்டிக்கிட்டு ஓடுன்னு அர்த்தம்."

"அங்க ஒரு சதுரம் சாஞ்சு நிக்குதே?"

"அது நாலாம் வகை. தோட்டா மாதிரி சின்னச் சாமான். பக்கத்துல போயி தண்ணி அடிக்கலாம்."

குழந்தை தூக்கைக் கீழே வைத்தாள். "நீ மாத்தி வரைஞ்சிட்டா?"

"நான் ஏன்டி மாத்தி வரையப் போறேன்?"

அதற்குப் பிறகு ஐந்து வருடம் ஓடிவிட்டது. பெலிஸ்டா இப்போது மலைமேல் கிறிஸ்தவக் கன்னிமார் நடத்தும் விடுதிப் பள்ளியில் படிக்கிறாள். தெக்லா அதே கிட்டங்கி வளாகத்துக் கொட்டகையில், அதே தினக்கூலியில் பெட்டிகளுக்குக் குறி எழுதிக்கொண்டிருக்கிறாள்.

அந்தத் திங்கட்கிழமை எல்லைக் காவலிலிருந்து இரண்டு லாரி வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு மரப்பெட்டிகள். ஒரு மழைக்காலம் முழுவதும் வெளியில் கிடந்திருக்க வேண்டும். மேலே இருந்த எழுத்தெல்லாம் கரைந்து, சில பெட்டிகளில் சீன எழுத்தின் கால்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. கூடவே வந்த காகிதத்தில் எல்லாமே துப்பாக்கித் தோட்டா என்று இருந்தது. பத்துக்கு ஒன்று திறந்து, உள்ளே இருப்பதும் காகிதமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் புதுக் குறி எழுத வேண்டும். தெக்லா பொறி பறக்காத செம்பு நெம்புகோலை எடுத்து, தகரப் பட்டையை நிமிர்த்தி, மூடியைக் கிளப்பினாள்.

முதல் லாரிப் பெட்டிகளில் தோட்டாக்கள்தான். இரண்டாவது லாரியின் முதல் பெட்டியில் மெழுகுக் காகிதத்தை விலக்கியதும் அவள் கை நின்றுவிட்டது. தொப்பை வயிறும் வால் இறக்கையுமாக ஆறு மோர்ட்டார் குண்டுகள் தலைமாற்றிப் படுத்திருந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் மஞ்சள் வளையம். அடுத்ததையும் திறந்தாள். மஞ்சள் வளையம். அந்த லாரியில் அவள் திறந்த பதினொரு பெட்டியிலும் அதேதான்.

சார்ஜென்ட் கபிங்கா பல் குத்தியபடி வந்து நின்றார்.

"இது தோட்டா இல்ல, அஃபாண்டே," என்றாள். அங்கே அதிகாரிகளை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "மஞ்சள் வளையம். மொத்தமா வெடிக்கிற சாமான். ஒண்ணுன்னு எழுதணும்."

"பேப்பர்ல என்ன போட்டிருக்கு?"

"தோட்டான்னு. ஆனா உள்ள..."

"உள்ள இருக்கிறதப் பாக்க கடவுள் இருக்காரு. நீ பேப்பரப் பாரு. நாலு போடு."

"பொய்யாயிடுமே, அஃபாண்டே."

கபிங்கா குச்சியைத் துப்பினார். "உனக்கு எண்ணத் தெரியும்ல? இதையும் எண்ணிக்க. மேட்டுக்கு அந்தப்பக்கம் இருக்கிற ஆறு கிட்டங்கியும் ரொம்பி வழியுது. காலியா இருக்கிறது ஏழு ஒண்ணுதான். ஏழுக்கும் உங்க லைன் வீட்டுக்கும் நடுவுல முன்னூறு அடி. ஒண்ணுன்னு எழுதினா, அரை மைலுக்கு ஒரு குடிசை இருக்கக் கூடாது. வியாழக்கிழமை தலைமையகத்துல இருந்து நாடாவோட அளக்க வர்றாங்க. கிட்டங்கிய யாரும் நகத்த மாட்டாங்க. உங்களத்தான் நகத்துவாங்க. புல்டோசர் ஏற்கெனவே பாலத்துக்கிட்ட நிக்குது. எனக்கென்ன, நான் கேட்டுக்கு வெளிய இருக்கேன். உனக்காகத்தான் சொல்றேன்."

அவர் உண்மையில் அவளுக்காகத்தான் சொல்கிறாரா என்று தெக்லாவுக்குத் தெரியவில்லை. தினக்கூலிக்காரர்களின் லைனில் இருந்த நாற்பது வீடும் நாற்பது வீட்டுப் பிள்ளைகளும் மட்டும் கண்முன் வந்தார்கள்.

சாயங்காலம் குழாயடிக்குப் போவதற்குள் சேதி அவளை முந்திப் போயிருந்தது. வரிசையில் வைத்த அவள் வாளியை யாரோ காலால் தள்ளிக் கடைசிக்கு அனுப்பியிருந்தார்கள். அவளோடு கொட்டகையில் மூடி அடிக்கும் கௌடென்சியா, கடைசிக் குழந்தையை முதுகில் கட்டியபடி, இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"பெட்டியத் தொறந்து பாருன்னு உன்ன யாருடி கேட்டா?"

"அதுதான்டி என் வேலை."

"வேலையாம் வேலை. தினக்கூலிக்காரி, பேச்சப் பாத்தா கர்னல் பொண்டாட்டி." பெண்கள் சிரித்தார்கள். "உள்ள என்ன இருந்துச்சுன்னு எங்ககிட்ட சொல்லாத. எங்களுக்குத் தெரிய வேண்டாம். சின்னதுன்னு எழுது, முடிஞ்சுது."

"வெடிச்சா மொதல்ல நம்ம கூரைதான்டி போகும்."

"பதினேழு வருஷமா இங்க ஒரு பட்டாசு வெடிச்சதில்ல. புல்டோசர் வெள்ளிக்கிழமை வருது. எது மொதல்ல வரும், நீயே சொல்லு." கௌடென்சியாவின் குரல் உடைந்தது. அது அவள் கோபத்தை இன்னும் கூட்டியது. "உன் ஒத்தப் பொண்ணு மலைமேல கன்னிமார்கிட்ட கம்பளி போத்திப் படுத்திருக்கா. என் அஞ்சையும் எங்கடி படுக்க வைப்பேன்? நீ வரையிற எட்டு மூலைக்குள்ளயா?"

தெக்லா காலி வாளியோடு திரும்பினாள்.

மறுநாள் காலை அவள் வீட்டுக் கதவில் கரியால் ஒரு சாய்சதுரம் வரைந்திருந்தது, நடுவில் நாலு. வாசற்படியில் ஆட்டுப் புழுக்கை. அதைக் கூட்டித் தள்ளிவிட்டு வேலைக்குப் போனாள்.

செவ்வாயும் புதனும் எழுதினாள். எழுத்து வெட்டிய தகட்டைப் பலகையில் அழுத்திப் பிடித்து, தூரிகையைத் துணியில் ஒற்றி, குத்திக் குத்தி எழுத வேண்டும். இழுத்தால் சாயம் தகட்டுக்கு அடியில் ஒழுகிவிடும். சாமானின் பெயர், எண்ணிக்கை, எடை, தேதி, வகை. இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டியிலும் ஓர் எழுத்து பிசகவில்லை. புதன் மதியம் ஏணியில் ஏறி, ஏழாம் கிட்டங்கிக் கதவில் சாய்சதுரம் எழுதி நாலு போட்டாள். இறங்கி நின்று பார்த்தாள். நேராகத்தான் இருந்தது. அப்போதுதான் குழந்தை கேட்டது ஞாபகத்துக்கு வந்தது: நீ மாத்தி வரைஞ்சிட்டா?

தீப்பிடித்தால் இதைப் படிக்க முதலில் வருகிறவன் ஒட்மார். தீயணைப்புக் குழுவில் குழாய் முனையைப் பிடித்து முன்னால் ஓடுகிறவன் அவன்தான்.

இரண்டு வருடம் முன்னால் அவன் குழாய்க்காரன் அல்ல. தீயணைப்பு வண்டியின் ஓட்டுநர், தோளில் ஒரு பட்டையும் உண்டு. ஒரு நாள் பட்டப்பகலில் பெலிஸ்டாவுக்குக் காய்ச்சல் தலைக்கேறி, கண் மேலே சொருகி, உடம்பு வில்லாக வளைந்தது. மிஷன் ஆஸ்பத்திரி பத்தொன்பது மைல். கிட்டங்கி ஜீப் கிடைக்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு ஓடி வந்தவளை அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வண்டிக் கதவைத் திறந்து "ஏறு" என்றான். பத்தொன்பது மைலும் மணியடித்துக்கொண்டே போனான். குழந்தை பிழைத்தது. அனுமதியில்லாமல் வண்டியை வெளியே எடுத்ததற்காக அவன் தோள்பட்டையைப் பிய்த்தார்கள், சம்பளத்தைக் குறைத்தார்கள், வண்டியையும் பறித்துக்கொண்டார்கள். நன்றி சொல்ல ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அவள் போனபோது, அவள் கண்ணெதிரே அதை ஆடுகளுக்குப் போட்டான். அன்றிலிருந்து பேச்சு இல்லை.

புதன் சாயங்காலம் அவள் மேடேறிக் கேட்டுக்குப் போனாள். ஒட்மார் தீயணைப்புக் கொட்டகை வாசலில் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான். புது ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து சோளம் கொறித்துக்கொண்டிருந்தான்.

"ஒட்மாரண்ணே, ஒரு சேதி."

அவன் நிமிரவில்லை.

"அடேங்கப்பா, ஓவியக்காரம்மா வந்திருக்காங்க," என்றான் ஓட்டுநர். "நாற்காலி போடுண்ணே."

"உங்ககிட்ட தனியா ஒரு வார்த்தை."

"உனக்கு ஒரு தடவ வண்டிக் கதவத் தொறந்தேன்," என்றான் ஒட்மார், குழாயிடம் சொல்வதுபோல. "தோள் காலியாச்சு. இப்ப எதக் கழட்டணும்? சட்டையையா?"

ஓட்டுநர் வாயில் சோளத்தோடு சிரித்தான்.

"அண்ணே, ஏழாம் கிட்டங்கி..." என்று ஆரம்பித்தவள் ஓட்டுநரைப் பார்த்தாள். அவன் கபிங்காவின் அக்கா மகன். அவன் காதில் விழுந்தால் காலையில் அவளுக்கு வேலை இருக்காது. ஊர்ஜிதமானால் லைன் இருக்காது.

"என்ன? ஏழாம் கிட்டங்கிக்கு என்ன?"

"ஒண்ணுமில்லண்ணே."

"ஒண்ணுமில்லாததுக்கா மேடேறி வந்த? இந்தாம்மா, சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தா எழுதிப் போடு. எழுதுறதுதானே உன் பொழப்பு. எனக்குப் படிக்கத் தெரியும்." சுருளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

வியாழக்கிழமை அளப்பவர்கள் வந்தார்கள். ஏழாம் கிட்டங்கிக் கதவைப் பார்த்தார்கள்; நாடாவை விரித்தார்கள்; காகிதத்தில் டிக் போட்டார்கள். ஒருவர் பெட்டி ஒன்றின் மேல் விரலை ஓட்டி, "யார் எழுத்து? அச்சடிச்ச மாதிரி இருக்கே," என்றார். கபிங்கா தெக்லாவைக் காட்டினார். அவளுக்கும் ஒரு சோடா கிடைத்தது. குடிக்க முடியாமல் கொட்டகைக்குத் தண்ணீர் தூக்கும் பெண்ணிடம் கொடுத்தாள். நாலாம் வகைக்கு அவ்வளவு இடம் தேவையில்லை என்று, வெள்ளிக்கிழமை முள்வேலியை இன்னும் எண்பது அடி கிட்டங்கிப் பக்கமாக நகர்த்திப் போட்டார்கள். புல்டோசர் பாலத்துக்கு அப்பால் வேறு எங்கோ போயிற்று.

அன்று மாலை கௌடென்சியா மூடிய தட்டோடு வந்தாள். சோளக்களியும் பூசணியிலைக் கறியும். தட்டைக் கொடுத்துவிட்டு, முந்தானையை எச்சிலில் நனைத்துக் கதவிலிருந்த கரிக்கோட்டைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"விடுடி, நானே துடைச்சுக்கிறேன்."

"என் மூத்தவன் வரைஞ்சது. வீட்டுல ரெண்டு போட்டேன்." துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு திரும்பாமல் கேட்டாள்: "பெருசாடி?"

"ஆமா."

கௌடென்சியா சிலுவை போட்டுக்கொண்டாள். மிச்சக் கரியையும் துடைத்துவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை, மாதம் ஒருமுறை வரும் மிஷன் சாமியார் வந்திருந்தார். கேட்டுக்கு அருகில் மாமரத்தடியில் பூசை. லைன் முழுவதும் மேடேறி வந்திருந்தது. காவல்காரர்கள், தீயணைப்பு ஆட்கள் எல்லாரும் தொப்பியைக் கழற்றிக் கடைசி வரிசையில் நின்றார்கள். ஒட்மார் வழக்கம்போல மரத்தில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தான்.

தெக்லாவின் மடிப்பையில் ஜெபமாலையோடு இன்னும் மூன்று பொருள் இருந்தன. வெடிமூட்டிக் கேப்புகளின் டப்பிகளுக்கு எழுதும் மிகச் சின்ன எண் தகடு ஒன்று. பால்மாவு டப்பாவிலிருந்து அவளே கத்தரித்த, கட்டைவிரல் அகல எட்டு மூலை ஒன்று. ஆரஞ்சுச் சாயத்தில் நனைத்துச் சுற்றிய துணிப் பொட்டலம்.

சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்க எல்லாரும் எழுந்தார்கள். பாட்டு தொடங்கியது. தெக்லாவும் எழுந்தாள், வரிசையில் நின்றாள், மரத்தின் பின்பக்கம் வந்ததும் வரிசையை விட்டு நழுவினாள். பதினாறு வயதிலிருந்து இந்த வரிசையை அவள் பாதியில் விட்டதில்லை.

தீயணைப்புக் கொட்டகை திறந்தே கிடந்தது. ஐந்து முளையில் ஐந்து தலைக்கவசம் சுவரைப் பார்த்துத் தொங்கின. நான்காவதன் வாரில் ஒட்மார் ஹாவுலே என்று இருந்தது. அந்தப் பெயரையும் அவள்தான் ஒரு காலத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள். அதைக் கழற்றி மடியில் கவிழ்த்துப் பிடித்தாள். உள்ளே வேர்வையும் புகையும் நாறியது. போடும்போது கண்ணில் படுகிற இடமாக, நெற்றிப் பட்டைக்கு மேலே துடைத்து, எட்டு மூலையை அழுத்தினாள். குத்தினாள். நடுவில் ஒன்று. அதன் கீழே, கிட்டங்கிக் கதவில் எழுதுவதுபோலவே, ஏழு.

ஒழுகவில்லை. காயும்வரை வாயால் ஊதினாள். வெளியே இரண்டாவது பாட்டு முடிந்து மூன்றாவது தொடங்கியிருந்தது. ஊதிக்கொண்டே வாசல் வழியாகக் கீழே பார்த்தாள். ஏழாம் கிட்டங்கிக் கதவில் அவளுடைய சாய்சதுரம் வெயிலில் பளிச்சென்றிருந்தது. புது வேலியின் கம்பிகளில் லைன் பெண்கள் துணி உலர்த்தியிருந்தார்கள். சேலை, சட்டை, வரிசையாகக் குழந்தைகளின் சின்னச் சின்னக் கால்சட்டைகள்.

விரலால் தொட்டுப் பார்த்தாள். ஒட்டவில்லை. தலைக்கவசத்தை நான்காவது முளையில், முன்பு இருந்தபடியே சுவரைப் பார்க்க மாட்டினாள்.